சிறு அரங்கம், அருகில் இருக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறு அரங்குகளில் நடைபெறும் இசைக் கச்சேரிகள், இலக்கியக் கூட்டங்கள் குறித்து வாசகர்கள் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கேட்க வருகிறவர்களிடமிருந்தும், தாமே ஒரு கூடத்தை ஏற்பாடு செய்து நிகழ்ச்சி நடத்த விரும்புகிறவர்களிடமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி (தாம்பரம் வாசகர்): டிசம்பரில் செய்தித்தாளைத் திறந்தால் பத்தி பத்தியாகக் கச்சேரிப் பட்டியல் வருகிறது. பொங்கல் முடிந்துவிட்டால் ஒன்றும் கண்ணில் படுவதில்லை. மற்ற மாதங்களில் சிறு இடங்களில் என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பொங்கலுக்குப் பிறகும் நிகழ்ச்சிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன; அவற்றை விளம்பரப்படுத்தும் பணவசதி அவற்றை நடத்துகிறவர்களுக்கு இல்லை. அறுபது, எழுபது பேர் அமரும் கூடத்தில் நடக்கும் கூட்டத்துக்கு நாளிதழில் விளம்பரம் கொடுத்தால், அந்தச் செலவே பாடகருக்குக் கொடுக்கும் சன்மானத்தைத் தாண்டிவிடும். ஆகவே இந்தச் செய்திகள் வேறு வழிகளில் பரவுகின்றன. நாளிதழ்களில் "இன்றைய நிகழ்ச்சிகள்" என்று உள்பக்கத்தில் வரும் சிறு பத்தி, மயிலாப்பூர் டைம்ஸ் போன்று அந்தந்தப் பகுதிக்கென்றே வெளியாகும் இலவச வார இதழ்கள், புத்தகக் கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டப்படும் துண்டறிக்கைகள், அரங்கின் வாசலில் உள்ள கரும்பலகை, இவற்றோடு இப்போது வாட்ஸ்அப் குழுக்கள் ஆகியவையே அவற்றின் ஊடகம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒருமுறை நேரில் சென்று, வாசலில் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் பெயரும் எண்ணும் எழுதிவிட்டு வந்தால், அதன் பிறகு செய்தி உங்களைத் தேடி வரும்.

இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. நெடுங்காலம் நிலைத்து நின்ற சிறு அமைப்புகளைக் கவனித்தால், அவை பெரும்பாலும் குறித்த நாளில், குறித்த இடத்தில் கூடியவையாக இருப்பதைக் காணலாம். 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு மாதந்தோறும் கூடி, முந்தைய மாத இதழ்களில் வெளியான சிறுகதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டின் முடிவில் அந்தப் பன்னிரண்டிலிருந்து ஒன்றைச் சிறந்ததாக அறிவித்து வந்தது. அந்தக் கூட்டங்கள் பல ஆண்டுகள் ஆழ்வார்பேட்டையில் உள்ள ஸ்ரீநிவாச காந்தி நிலையத்தில் நடந்தன. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட அம்புஜம்மாள் 1948இல் தொடங்கிய நிலையம் அது. மாதத்தில் எந்தக் கிழமை என்பது தெரிந்தவர்களுக்கு அழைப்பிதழே தேவைப்படவில்லை. மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள ராக சுதா அரங்கம், கற்பகாம்பாள் நகரில் உள்ள கோகலே சாஸ்திரி நிலையம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கே.கே. நகரில் உள்ள டிஸ்கவரி புக் பேலஸ் போன்ற இடங்களுக்கு ஒருமுறையாவது நேரில் சென்று, இங்கே வாடிக்கையாகக் கூடுகிறவர்கள் யார், எந்தக் கிழமையில் கூடுகிறார்கள் என்று விசாரித்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியின் பெயரைத் தேடி அலைவதைவிட இடத்தையும் கிழமையையும் அறிந்து வைத்துக்கொள்வது சிறு அரங்குகளைப் பொறுத்தவரை எப்போதும் கைகொடுக்கும்.

கேள்வி (விருதுநகர் வாசகி): சென்னைக்கு வெளியே வசிக்கும் எங்களுக்கு, ஆண்டுதோறும் தவறாமல் வரும் இசை, இலக்கிய நாட்கள் எவை? ஊரில் ஒரு சிறிய கூடம் இருக்கிறது. எந்த நாட்களை ஒட்டி நிகழ்ச்சி வைக்கலாம்?

பதில்: உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத எட்டயபுரத்தையே முதலில் சொல்ல வேண்டும். இசைக்கும் இலக்கியத்துக்கும் ஒருசேர உரிய ஊர் அது. முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு நரக சதுர்த்தசி அன்று அங்கேதான் மறைந்தார். அவருடைய சமாதியும் அங்கே உள்ளது. பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று பிறந்ததும் அதே ஊரில்தான். கல்கியின் முயற்சியால் எழுந்த பாரதி மணிமண்டபத்தை 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்தார். தீபாவளியை ஒட்டித் தீட்சிதர் கீர்த்தனைகள், டிசம்பர் 11இல் பாரதி பாடல்கள் என்று இரண்டு நாட்களை உங்கள் கூடம் தனக்கென்று எடுத்துக்கொண்டாலே ஆண்டுத் திட்டத்தில் பாதி முடிந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செப்டம்பரில் பாரதி நினைவு நாள் வருகிறது. அன்று சென்னை திருவல்லிக்கேணியில் அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த பாரதி இல்லத்தில் அன்பர்கள் கூடுவார்கள். அதன் பின் நவராத்திரி. மார்கழியில் விடியற்காலை வீதி பஜனை. மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மரபு இன்றும் அங்கே மதிக்கப்படுகிறது. சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியை ஒட்டி நடப்பதால், டிசம்பர் கடைசி வாரங்களில் சிறு அரங்குகளில் புத்தக வெளியீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். வெளியூர்க்காரர்கள் ஒரே பயணத்தில் பல எழுத்தாளர்களைக் கேட்க ஏற்ற காலம் அதுவே. பிப்ரவரி 19 உ.வே. சாமிநாதையர் பிறந்த நாள்.

இந்த வரிசையில் சிறு ஊர்களுக்கு மிகவும் பொருந்துவது தியாகராஜ ஆராதனை என்பது என் கருத்து. தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று திருவையாற்றுக்குப் போக முடியாதவர்கள், அதே நாளிலோ அதை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையிலோ, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைத் தங்கள் கூடத்தில் சேர்ந்து பாடலாம். புகழ்பெற்ற வித்வான் எவரையும் அழைக்க வேண்டியதில்லை. ஊரில் உள்ள பாட்டு டீச்சரும், அவரிடம் கற்றவர்களும், என்றோ கற்று நிறுத்திவிட்டவர்களும் தரையில் எதிரெதிரே அமர்ந்து ஒருமித்துப் பாடுவதே அந்த நிகழ்ச்சி. கேட்க வந்தவர்களில் சிலர் இரண்டாவது ஆண்டில் பாடுகிறவர்களின் வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): எங்கள் ஊரில் நூறு பேர் அமரக்கூடிய அறையில் ஒரு வயலின் கச்சேரி. ஒலிபெருக்கியின் அளவு தாங்க முடியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இவ்வளவு சிறிய இடத்தில் மைக் எதற்கு?

பதில்: தங்கள் வருத்தம் நியாயமானது, இந்த வகையில் வந்த கடிதங்களே அதிகம். இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கச்சேரி மேடைக்கு ஒலிபெருக்கி வந்தது 1930களிலும் அதற்குப் பின்னரும்தான். அதற்கு முன் பாடியவர்கள் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உயர்ந்த சுருதியில், சிலர் ஐந்து கட்டையிலும்கூட, குரலை எடுத்துப் பாடினார்கள். நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா பெற்ற பெரும்புகழுக்கு அத்தகைய குரலும் ஒரு காரணம். மைக் வந்த பிறகு, தாழ்ந்த சுருதியில் மென்மையாகப் பாடுகிறவர்களுக்கும், வீணை போன்று சன்னமாக ஒலிக்கும் வாத்தியங்களுக்கும் பெரிய சபைகளில் இடம் கிடைத்தது. சுமார் 1,600 பேர் அமரும் மியூசிக் அகாடமியின் பெரிய அரங்கில் மைக் இல்லாமல் வீணை கேட்க இயலாது. எனவே மைக்கையே குறை சொல்வது பொருந்தாது. பெரிய அரங்குக்கான ஏற்பாட்டைச் சிறிய அறைக்குள் அப்படியே கொண்டுவந்து வைப்பதுதான் தவறு.

நூறு பேருக்கு உட்பட்ட அறையில், மேடைக்கும் கடைசி வரிசைக்கும் நாற்பது அடிக்குள்தான் தூரம் இருக்கும். அந்தத் தூரத்தில் பயிற்சி பெற்ற குரலும் வயலினும் மிருதங்கமும் எந்த உதவியும் இல்லாமல் கேட்கும். அப்படிக் கேட்கும்போதுதான் சில நுட்பங்கள் நமக்குக் கிடைக்கின்றன. தம்புராவைச் சுருதி சேர்க்கும்போது, தந்திக்கும், அதைத் தாங்கும் குதிரை என்னும் சிறு கட்டைக்கும் இடையே ஒரு பருத்தி நூலை வைத்து, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். அதை ஜீவா என்பார்கள். நூல் சரியான இடத்துக்கு வந்தவுடன், வெறுமனே ஒலித்துக்கொண்டிருந்த தந்தி ரீங்கரிக்கத் தொடங்கி, நான்கு தந்திகளும் சேர்ந்து அறையையே நிறைக்கும். மிருதங்கக்காரர் இடப்பக்கமான தொப்பியின் நடுவே பிசைந்த ரவையை அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடியும் தட்டிப் பார்ப்பார். வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பில் கல்லால் தட்டி ஒவ்வொரு பக்கமாகச் சுருதிக்குக் கொண்டுவருவார். மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு இவை எல்லாமே கச்சேரியின் பகுதி. ஒலிபெருக்கி உரத்து அலறும் அறையில் இவற்றில் ஒன்றும் காதில் விழாது; தம்புராவின் இடத்தில் ஒரு மின்சாரப் பெட்டியின் இரைச்சல் மட்டுமே மிஞ்சும்.

செய்யக்கூடியவை சில உண்டு. மேடைக்கு இருபுறமும் முதல் வரிசையின் காதுக்கு நேராக ஸ்பீக்கர் வைப்பதைத் தவிர்க்கலாம். காலி அறையில் ஒலியைச் சரிபார்த்துவிட்டு அதே அளவில் விட்டுவிடக் கூடாது. வெறும் சுவர்களும் காலி நாற்காலிகளும் ஒலியைத் திருப்பி அனுப்பும், ஆட்கள் நிறைந்தவுடன் அவர்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே முதல் உருப்படி முடிவதற்குள் ஒருமுறை கடைசி வரிசையில் நின்று கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். மைக் செட்காரரிடம் எக்கோ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. வீணைக்கும் மென்குரலுக்கும் ஒரே ஒரு மைக் குறைந்த அளவில் இருக்கட்டும். அதையும் மிருதங்கத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பழைய மின்விசிறியும் இரையும் குளிரூட்டியுமே பல இடங்களில் மைக்கைக் கட்டாயமாக்குகின்றன என்பதால், அவற்றைப் பழுதுபார்ப்பதும் ஒலி ஏற்பாட்டில் சேரும்.

கேட்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எழுந்து போவதைவிட, ஒரு பாட்டு முடிந்தவுடன் அமைப்பாளரிடம் சென்று, ஒலியைச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். பாடகர்களே பெரும்பாலும் அதை வரவேற்பார்கள்.

கேள்வி (கோவை வாசகர்): நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஒரு புத்தகக் கடையின் மாடியில் மாதந்தோறும் எழுத்தாளர் சந்திப்பு நடத்துகிறோம். தலைமையுரை, வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்து எழுத்தாளர் பேச எழும்போது பாதிப் பேர் போய்விடுகிறார்கள். எப்படிச் சீர்செய்வது?

பதில்: வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்ற வரிசை பெரிய விழாக்களுக்காக ஏற்பட்டது. அங்கே மேடையில் இருப்பவர்களை மதிக்கும் கடமை அமைப்பாளருக்கு உண்டு. நாற்பது பேர் கூடும் மாடி அறையில் அந்த வரிசைக்கு வேலை இல்லை. வரவேற்கிறவரே நூலாசிரியரையும் இரண்டு நிமிடங்களில் அறிமுகம் செய்துவிட்டால் போதும். நூலை உண்மையாகவே முழுமையாகப் படித்த ஒருவர் கால் மணி நேரம் பேசட்டும். அவர் பிரபலமானவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் குழுவில் உள்ள கல்லூரி மாணவராக இருந்தால் இன்னும் நல்லது. பிறகு எழுத்தாளர் தம் நூலிலிருந்து சில பக்கங்களை உரக்க வாசிக்க வேண்டும்.

இந்த வாசிப்பைத்தான் நம் கூட்டங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நூலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். நூலின் ஒரு வரி கூட அங்கே ஒலிப்பதில்லை. எழுத்தாளர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார், தம் ஊர்ப் பேச்சை எப்படி உச்சரிக்கிறார் என்பதெல்லாம் சிறிய அறையில் நேரில் கேட்டால் மட்டுமே கிடைக்கும். பத்து நிமிட வாசிப்புக்குப் பின் வருகிற கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும், ஏனென்றால் நூலைப் படிக்காமல் வந்தவர்களிடமும் இப்போது கேட்பதற்குச் சொந்தமாக ஏதோ இருக்கிறது. கேள்வி நேரத்துக்குக் குறைந்தது அரை மணி ஒதுக்குங்கள். கேள்வி கேட்க எழுந்து சொற்பொழிவு ஆற்றத் தொடங்குகிறவரைத் தடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படையுங்கள். அவர் மூத்தவராகவும் எல்லோரும் மதிப்பவராகவும் இருந்தால் மனக்கசப்பு வராது.

நாற்காலிகளைப் பற்றி ஒரு சிறு யோசனை. நாற்பது பேரை எதிர்பார்த்தால் இருபத்தைந்து நாற்காலிகளை மட்டும் போட்டுவிட்டு, மீதியைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். வர வர எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். முன்வரிசைகள் காலியாகக் கிடக்க எல்லோரும் கதவோரம் ஒதுங்கி நிற்கும் காட்சி, பேச வந்தவரின் உற்சாகத்தைப் பெரிதும் குறைத்துவிடும். கடைக்காரர் மாடியை இலவசமாகத் தருகிறார் என்றால், கூட்டம் முடிந்தவுடன் அந்த நூலின் பிரதிகள் படிக்கட்டின் அடியில் விற்பனைக்கு இருக்கட்டும். அவருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.

கேள்வி (மதுரை வாசகி): அனுமதி இலவசம் என்று போடுவதா, கட்டணம் வைப்பதா? கட்டணம் என்றால் வரி உண்டா?

பதில்: கட்டணம் வைக்கலாம் என்பதே என் துணிபு, அது சிறு தொகையாக இருந்தாலும். பாடுகிறவருக்கு மட்டுமல்லாமல் வயலின், மிருதங்கம் வாசிக்கிறவர்களுக்கும், தம்புரா மீட்டும் மாணவிக்கும் கௌரவமான தொகை கொடுக்க வேண்டும். "நல்ல வாய்ப்பு தருகிறோம்" என்று சொல்லிப் பயணச் செலவைக்கூடக் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் சிறு அமைப்புகளில் பரவலாக இருக்கிறது. அது இளம் கலைஞர்களின் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. நூறு ரூபாய்க் கட்டணமும் மாணவர்களுக்கு இலவசமும் என்று வைத்தால் பெரும்பாலானவர்கள் மனமுவந்து கொடுப்பார்கள். கட்டணமே வேண்டாம் என்று நினைத்தால் வாசலில் உண்டியல் வைத்து, அன்றைய செலவு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

வரியைப் பொறுத்தவரை, இசை, நடனம், நாடக நிகழ்ச்சிகளின் நுழைவுக் கட்டணம் நபர் ஒருவருக்கு 500 ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. நாட்டார் கலை அல்லது செவ்வியல் கலை வடிவங்களில் நிகழ்ச்சி தரும் கலைஞரின் ஊதியம் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோதும் விலக்கு உண்டு. கேளிக்கை வரி உள்ளாட்சி அமைப்பைச் சார்ந்தது என்பதால், கட்டணச் சீட்டு அச்சடிக்கும் முன் உங்கள் மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): நிகழ்ச்சியில் பிறருடைய கதைகளை வாசிக்கவும், பாடல்களைப் பாடவும் அனுமதி பெற வேண்டுமா?

பதில்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளரின் ஆயுட்காலமும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும், அந்த 60 ஆண்டுகள் மறைவுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்படும். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் கீர்த்தனைகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033ஆம் ஆண்டின் இறுதிவரை அது பொருந்தும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் முதலானவர்களின் படைப்புகளைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். ஊர்க் கூட்டங்களில் கதை வாசிப்புத் தொடங்க அவையே ஏற்ற இடம்.

உரிமை உள்ள நூல்களிலிருந்தும் நியாயமான அளவு பகுதியைப் பொதுவில் வாசிக்கச் சட்டம் இடம் தருகிறது. தொழில்முறை அல்லாத மன்றங்கள், கட்டணம் வாங்காமல், கூடியிருப்பவர்களுக்கு ஒரு படைப்பை நிகழ்த்திக் காட்டவும் விலக்கு உண்டு. ஆனால் அதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவதற்கு இந்த விலக்குகள் செல்லாது. கட்டணம் வாங்கி நடத்தும் மேடையில் திரைப்பாடல்களைப் பாடுவதாக இருந்தால், உரிமையாளர்களின் சார்பில் உரிமம் வழங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் இவ்வளவுதான் கேட்கிறது என்றாலும், நம்மிடையே வாழும் எழுத்தாளரின் கதையை வாசிப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே முறை. அழைத்தால் அவரே வந்து பின்வரிசையில் அமரவும் கூடும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு கச்சேரி வைக்க ஆசை. அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தால்?

பதில்: ஆட்சேபிப்பதற்கு முன் அவர்களை அழைத்துவிடுங்கள். திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி தேவை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. முப்பது பேருக்கு மாடியில் மைக் வேண்டியதே இல்லை என்பதால், அதைத் தவிர்த்து, மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் மங்களம் பாடிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. மாடியின் கைப்பிடிச் சுவர் குழந்தைகள் எட்டிப் பார்த்தால் விழாத உயரத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

கேள்வி (வேலூர் வாசகி): அலுவலகத்திலிருந்து நேராக வருவதால் சில நேரம் தாமதமாகிறது. ஆறு வயது மகளையும் அழைத்து வருகிறேன். சிறிய அரங்கில் நடுவில் நுழைவதும் வெளியேறுவதும் சங்கடமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தயங்காமல் வாருங்கள், மகளையும் அழைத்து வாருங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைபெறச் செய்த கச்சேரி வரிசையில் வர்ணம், கீர்த்தனைகள், பின்னர் விரிவான ஆலாபனையோடு பிரதான உருப்படி, மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சிறு பாடல்கள் என்று இடைவெளிகள் தாமாகவே அமைந்திருக்கின்றன. ஒரு உருப்படி முடிந்து கைதட்டல் எழும்போது நுழையலாம், எழலாம். ஆலாபனையின் நடுவில் வந்தால் கதவருகே நின்று காத்திருங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் காபி குடிக்கக் கூட்டமாக எழுந்து போகும் வழக்கத்தைப் பெரிய சபைகளில் பார்த்திருப்பீர்கள். சிறிய அறையில் அதைச் செய்தால் அந்த மிருதங்கக்காரரின் முகத்துக்கு நேராக எழுந்து போகிறோம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கோ அந்தத் தாளப் பகுதிதான் மிகவும் பிடிக்கும். வாசிக்கிறவரின் விரல்கள் தெரியும்படி ஓரத்து இருக்கையில் அவளை அமர்த்துங்கள், சோர்ந்துவிட்டால் அழைத்துச் செல்லவும் அதுவே வசதி.

கேள்வி (காஞ்சிபுரம் வாசகர்): கச்சேரியைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாமா?

பதில்: தாம் நிகழ்த்தியதன் மீது கலைஞருக்கும் சட்டப்படி உரிமை உண்டு, அது 50 ஆண்டுகள் நீடிக்கும். சொந்தமாகக் கேட்பதற்குப் பதிவு செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை, பிறருக்கு அனுப்புவதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் கலைஞரின் சம்மதம் வேண்டும். முன்னதாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, திரையை அணைத்துக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உயர்த்திப் பிடித்தால் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் இரண்டு மணி நேரமும் பாடகரைப் பார்க்காமல் உங்கள் திரையைத்தான் பார்ப்பார்.

கேள்வி (சென்னை வாசகர், வயது எழுபதுக்கு மேல்): நல்ல நிகழ்ச்சிகள் நடக்கும் இடங்கள் பெரும்பாலும் மாடியில் இருக்கின்றன. மூட்டுவலி உள்ள என்னைப் போன்றவர்கள் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். அமைப்பாளர்களுக்கு இதை எடுத்துச் சொல்வீர்களா?

பதில்: எல்லா அமைப்பாளர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பிற்பகல் கூட்டங்களுக்கும் மாலைக் கச்சேரிகளுக்கும் தவறாமல் வருகிறவர்களில் மூத்தவர்களே கணிசமானவர்கள். அழைப்பிதழில் நாள், நேரம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றோடு, அரங்கம் எந்தத் தளத்தில் உள்ளது, மின்தூக்கி உண்டா, இல்லையென்றால் எத்தனை படிகள், கைப்பிடி இருக்கிறதா, கழிப்பறை அதே தளத்தில் உள்ளதா என்ற விவரங்களையும் ஒரு வரியில் அச்சிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களில் அணுகல் வசதியை வலியுறுத்துகிறது. பழைய கட்டடத்தை உடனே மாற்ற முடியாதவர்கள், மூன்று மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சியையாவது தரைத்தளத்தில் உள்ள பள்ளிக் கூடத்திலோ நூலகத்திலோ நடத்தலாம். தரையில் பாய் விரித்து நடத்தும் நிகழ்ச்சிகளில் சுவரோரம் பத்து நாற்காலிகள் போட்டு வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

தாங்கள் செல்ல விரும்பும் நிகழ்ச்சியின் அழைப்பிதழில் உள்ள எண்ணுக்கு முந்தைய நாளே பேசி, வருகிறேன், படி ஏற ஓர் ஆள் துணை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சிறு அமைப்புகளை நடத்துகிறவர்கள் வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பவர்கள். கீழே இறங்கி வந்து அழைத்துப்போவார்கள்.